அந்தப் புடவை சிவந்தது சவுக்காரத்தால்தான்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். எழுத உட்காருவேன். சாமி காரியத்தைச் சொல்லும் இடத்தில் உள்பாவாடை, வியர்வை, வேர்க்குரு என்றெல்லாம் எழுத வேண்டி வருமே, கோயில் பெண்கள் மனம் வருத்தப்படுமே, என் வீட்டுக்காரர் தலையில் கை வைப்பாரே என்று எழுந்துவிடுவேன். படிப்பும் எனக்குப் பெரிதாக இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாவது, பிறகு இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம், அதோடு தொழிற்சாலைக்குப் போய்விட்டேன். எழுதத் தெரிந்தவர்கள் யாராவது எழுதட்டும் என்று விட்டால், அவர்கள் எழுதி அனுப்புவதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிகிறது. மஞ்சள் புடவை தானாகச் சிவந்ததாம். அம்மன் குங்குமத்தை அள்ளிப் பூசினாளாம். விடிந்தபோது தானாகவே மஞ்சளாகிவிட்டதாம். அது என் புடவை. வாங்கியவள் நான், மஞ்சளில் முக்கியவள் நான், கட்டிக்கொண்டு நடந்தவளும் நான். ஆகவே நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் எங்கள் ஊர் வெயிலைச் சொல்ல வேண்டும். பினாங்கில் வெயில் புதிது இல்லை. ஆனால் இப்போது சித்திரையில் அடிக்கிற வெயில் வேறு மாதிரி இருக்கிறது. ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட் மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் சுவரில் சாய்ந்தால் சட்டி மேல் சாய்ந்த மாதிரி இருக்கும். காத்தாடி சுற்றும், சுடு காற்றை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. வெயில் அதிகமான நாளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையே சீருடை வேண்டாம், விளையாட்டுச் சட்டை போட்டு வாருங்கள் என்கிறார்கள். பிள்ளைகளுக்குக் காட்டுகிற அந்த இரக்கத்தில் கொஞ்சம் நம் ஜனங்களுக்கும் காட்டினால் என்ன என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. நம்மவர் கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். வலைத்துணி, கல் வேலை, கழுத்து வரை மூடிய ஜிப்பா. மாப்பிள்ளைக்கு வேர்த்து மாலையெல்லாம் வாடிப்போய் நிற்கும்.

நான் அழகாக உடுத்த ஆசையில்லாதவள் என்று யாரும் எண்ண வேண்டாம். நன்றாக உடுத்த வேண்டும், அதுவும் கோயிலுக்கு என்றால் இருப்பதிலேயே நல்லதாக உடுத்த வேண்டும் என்று நினைக்கிறவள்தான். கசங்கிய துணியோடு சாமி முன்னால் நிற்க எனக்கும் பிடிக்காது. ஆனால் மூச்சும் விட வேண்டும் அல்லவா. என் கட்சி அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர், துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிப் போவார். ஒரு வருஷம் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. கதவை மூடிக்கொண்டு உள்ளே போன டாக்டர்கள் வெகு நேரம் வெளியே வரவேயில்லை. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் அம்மனிடம் பேசினேன். "தாயே, இந்த மனுஷனை எழுப்பிக் குடு. என் தலையில பால்குடம் சுமந்து, என் காலால நடந்து வந்து உனக்கு ஊத்துறேன்." வேண்டுதல் இவ்வளவுதான். என் தலை, என் கால். அவர் கண் விழித்து முதலில் கேட்டது தேநீர். கொடுக்கக் கூடாது என்று தாதி சொன்னதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, பழைய ஆள்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு நிம்மதி வந்தது.

அடுத்த சித்திரைத் திருவிழாவில் பால்குடம் எடுத்தேன். எங்கள் கோயிலில் பால்குடம் எடுக்கும் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரிப் புடவை கட்ட வேண்டும் என்பது சில வருஷமாக வந்த பழக்கம். அந்த வருஷம் வந்தது பட்டு மாதிரி மின்னும் நைலான் சாதி. அதற்கு ஜாக்கெட், உள்துணி வைத்துத் தைத்தது, முதுகில் கயிறு. உள்ளே பாவாடைக்குப் பதிலாக ஷேப்பர் என்று ஒன்று. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இடுப்பிலிருந்து முழங்கால் வரை உடம்பை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் மாதிரியான பாவாடை. அதைப் போட்டால் புடவை மீன் வால் மாதிரி அழகாக விழும். நடையும் மீன் நடைதான், தரையில் விட்ட மீன்.

பிள்ளையார் கோயிலில் குடத்தைத் தலையில் ஏற்றினார்கள். அங்கிருந்து அம்மன் கோயில் வரை வெறுங்காலில் நடக்க வேண்டும். உருமி அடித்தது, தார் ரோடு கொதித்தது, என் உடம்புக்குள் அனல் ஏறிக்கொண்டே போனது. வெளியே போக அதற்கு வழியில்லை. சந்தைப் பக்கம், பாசார் முனைக்கு வந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முழங்கால் மடங்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. விழித்தபோது ஒரு காய்கறிக் கடை நிழலில் கிடந்தேன். என் மகள் ஜாக்கெட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். குடம் இல்லை. கோயில் மகளிர் பிரிவுத் தலைவி அக்கா அதைப் பிடித்து, தன் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகச் சுமந்து கொண்டுபோய் ஊற்றிவிட்டார். துளிப் பால் சிந்தவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அவருக்கு நான் கும்பிடு போட வேண்டும், போட்டேன்.

"அப்புறம் என்ன தங்கச்சி, பால் போய்ச் சேர்ந்துருச்சு, வேண்டுதல் முடிஞ்சிருச்சு," என்றார் அவர். குருக்களும் அதையே சொன்னார். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. என் தலையும் காலும் போய்ச் சேரவில்லையே. வீட்டில் அவர் லேசாக இருமினாலும் எனக்குப் பாசார் முனை ஞாபகம் வந்தது. அடுத்த சித்திரையில் மறுபடியும் எடுப்பது, இந்தத் தடவை வாசல் வரை போய்ச் சேர்வது என்று முடிவு செய்தேன். மறுபடி விழுந்தால் மூன்றாம் முறை எடுக்க உடம்பும் விடாது, வீட்டுக்காரரும் விடமாட்டார்.

திருவிழாவுக்கு முன் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். தலைவி அக்கா கைப்பேசியில் புடவைப் படத்தைக் காட்டினார். அதே நைலான் சாதி. இந்தத் தடவை கூடுதலாகச் சரிகைப் பூ.

"அக்கா, பருத்தியில எடுக்கலாமே," என்றேன்.

"பருத்தியா? கசங்கிப் போயிரும் லா. ரெண்டாவது முனை திரும்புறதுக்குள்ள எல்லாரும் துவைக்கப் போட்ட துணி மாதிரி நிப்போம்."

"சாமி கசங்கலைப் பாக்குமா அக்கா?"

"சாமி பாக்காது. டுரோன் பாக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். மேலே ஒரு டுரோன் பறந்து படம் எடுக்கப் போகிறதாம், அதற்கு ஒரே நிறமாக இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்குமாம்.

"உள்ள ஷேப்பர் கட்டாயம்," என்றார் அக்கா. "போன வருஷப் படத்துல சில பேருக்குப் பாவாடை நாடா முடிச்சு தெரிஞ்சுது. யாருன்னு சொல்லல."

"பேரைச் சொல்லாட்டியும் என் இடுப்பைத்தான பாக்குறீங்க," என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். மறுபடியும் சிரிப்பு.

நான் விடவில்லை. "அக்கா, நான் அதைக் கட்டித்தான் விழுந்தேன். ஆம்பளைங்க சட்டையே இல்லாம வேட்டியோட நடக்குறாங்க. சாமி அவங்களுக்கு மட்டும் காத்து விட்டுச்சா?"

"நீயும் சட்டையில்லாம வரேங்கிறியா?"

மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது. கோபமாகப் பேச வந்தவளுக்கு அதுதான் தோல்வி. அக்கா கடைசியில் மெதுவாகத்தான் சொன்னார். "இங்க பாரு தங்கச்சி, உன்னை வேண்டாங்கல. ஒரே புடவை கட்டினவங்க முன்னால, மத்தவங்க கடைசி வரிசை. ஆளுக்கொரு நியாயம் சொன்னா நான் எப்படிக் கட்டி மேய்க்கிறது?"

கடைசி வரிசை என்றால் கடைசியாகப் புறப்பட வேண்டும். முன்வரிசை கோயிலுக்குள் நுழையும்போது நாம் பாசார் முனையில் உச்சி வெயிலில் நிற்போம். அவர் சொன்னதில் வஞ்சனை இல்லை. ஆனால் எனக்கு அன்றைக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. மயங்கி விழாமல் இருக்க நல்ல துணி கட்டினால், மயங்கி விழுகிற நேரத்தில் நடக்க வேண்டும். இது என்ன கணக்கு.

இருந்தாலும் நைலான் கட்டுவதில்லை என்று டவுனுக்குப் பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்காரரும் கூட வந்தார். எங்களுக்குத் துணி கொடுக்கிற பாய் கடையில் கூட்டம் இல்லை.

"பாய், மஞ்சள்ல மெல்லிசுப் பருத்தி வேணும். கட்டினா பார்வையாவும் இருக்கணும்."

"நிக்கிறதுக்கா, நடக்கிறதுக்கா, பந்தியில உக்கார்றதுக்கா?"

"நடக்க. தலையில குடத்தோட."

கஞ்சி போட்ட பருத்தி ஒன்றை எடுத்தார். கட்டினால் பெட்டி மாதிரி நிற்கும், அதற்குள்ளும் காற்று வராது. பிறகு மல் துணியில் ஒன்றை உதறிப் போட்டார். கையில் வைத்தால் கனமே இல்லை. பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் அவர் முகம் தெரிந்தது. நான்கு முழத்தை மடித்தால் கைக்குள் அடங்கும். ஓரத்தில் விரல் அகலத்துக்கு அரக்குக் கரை. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் அது வெள்ளை. மஞ்சள் எல்லாம் விற்றுப்போய்விட்டதாம்.

வெள்ளையை எப்படி எடுப்பது. புருஷன் உயிருக்கு வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடனுக்கு வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போய் அம்மன் முன்னால் நிற்பேனா? நான் அதைத் தள்ளி வைத்தேன்.

"எடுத்துக்க, நான்தான் உசிரோட இங்க நிக்கிறேன்ல," என்றார் வீட்டுக்காரர், கையில் என் பையைப் பிடித்துக்கொண்டு.

"நெஞ்சைக் கிழிச்சுத் தைச்ச மனுஷன் பேசுற பேச்சா இது?"

பாய் உடனே கணக்குப் பொறியைத் தட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டார். நான் வெளியே வந்து, அடுத்த கடை வாசலில் தொங்கிய பூமாலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்கே புத்தி வந்தது. வேண்டுதல் துணி என்றால் மஞ்சளில் நனைப்பதுதானே நம் வழக்கம். காணிக்கை முடிகிற துணி, காப்புக் கட்டுகிற நூல் எல்லாம் வெள்ளையாக வாங்கி மஞ்சளில் நனைப்பதுதானே. ஒரு முழத் துண்டுக்குச் செய்வதைப் புடவைக்குச் செய்தால் ஆயிற்று. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் பொங்கல் பானையில் தண்ணீர் காய வைத்து, மஞ்சள் தூளும் கொஞ்சம் படிகாரமும் போட்டு, புடவையை முக்கி எடுத்தேன். குளியலறைத் தரை, என் கை, வாளி எல்லாம் மஞ்சள். எடுத்துப் பிழிந்து ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் போட்டால், சாயங்கால வெயிலில் அது வாழைப்பழத் தோல் நிறத்தில் ஆடியது. கடையில் எந்த விலைக்கும் அந்த நிறம் கிடைக்காது. அரக்குக் கரை அதற்காகவே நெய்த மாதிரி எடுப்பாக இருந்தது. கீழே மோட்டர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சீனப் பெண்கூட அண்ணாந்து பார்த்துக் கட்டை விரலைக் காட்டினாள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

திருவிழாவுக்கு முதல் நாள் நான் பாசாருக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தால் கழியில் புடவை இல்லை. மகளும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மகள் துணிக்கூடையோடு வந்தாள். அவள் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், கெட்டிக்காரி. கூடையைக் கீழே வைத்துவிட்டு, அதைத் திறக்காமல் நின்றாள்.

"அம்மா, திட்டாதீங்க."

"என்ன?"

"புறா அசிங்கம் பண்ணிருச்சு. சாமிக்குக் கட்டுற துணியாச்சேன்னு டோபியில போட்டுத் துவைச்சுக் காய வச்சு எடுத்தாந்தேன்."

டோபி என்றால் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே காசு போட்டால் ஓடும் பெரிய பெரிய இயந்திரங்கள் இருக்கும் கடை. சவுக்காரத்தை அந்த இயந்திரமே ஊற்றிக்கொள்ளும். கூடையைத் திறந்தேன். என் வாழைப்பழ மஞ்சள் புடவை செக்கச் சிவந்து கிடந்தது. ஓர் இடத்தில் செங்கல், ஓர் இடத்தில் ரத்தம்.

"என்ன ஆச்சுன்னு தெரியலம்மா. கூட்டாளிக்குப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டேன், அவளுக்கும் தெரியல."

எனக்குத் தெரிந்தது. கல்யாணம், காதுகுத்து, பிள்ளை பிறந்து வீட்டுக்கு வருவது என்று எத்தனை தட்டில் நானே ஆலத்தி கரைத்திருக்கிறேன். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறது, அதே சங்கதிதான். சவுக்காரமும் அதைச் செய்யும். கைக்குழந்தைக்குத் தெரிகிற விஷயம் இல்லை என்றாலும், மஞ்சள் பூசிக் குளித்த தலைமுறையில் பிறந்தவளுக்குத் தெரிய வேண்டாமா.

"புடவையா துவைச்ச நீ? ஆலத்தி கரைச்சு வச்சிருக்க. இதை வச்சு வாசல்ல நின்னு உங்கப்பாவுக்குச் சுத்திப் போடு."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அவளைத் தேற்றுவதா, புடவையைப் பார்ப்பதா? நாளைக்குக் காலையில் கட்ட வேண்டும். வெள்ளைப் புடவை வாங்க மாட்டேன் என்றவள், ரத்தக் கறை பட்ட மாதிரி ஒரு புடவையோடு புருஷனுக்காக நேர்ந்த பாலைத் தூக்கிப் போவதா? ஒரு நிமிஷம், பெட்டியில் இருக்கும் போன வருஷ நைலானையே கட்டித் தொலைப்போம், விழுந்தால் விழுகிறேன் என்றுகூட நினைத்துவிட்டேன்.

பிறகு சமையலறைக்குப் போய்ப் புளியைக் கரைத்தேன். பித்தளை விளக்குக்குப் புளி போட்டால் கறுப்பு போகிறது, இதற்கும் ஏதாவது செய்யாதா என்ற எண்ணம்தான், வேறு ஞானம் ஒன்றுமில்லை. வாளியில் ஊற்றி ஒரு முந்தியை மட்டும் நனைத்தேன். கண் முன்னாலேயே சிவப்பு கலைந்து மஞ்சள் வந்தது. மகள் அழுகையை நிறுத்திவிட்டாள். புடவை முழுவதையும் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, வீட்டுக்குள்ளேயே காத்தாடிக்குக் கீழே கொடி கட்டிக் காய வைத்தோம். நிறம் முன்னைவிட வெளுத்திருந்தது. அங்கங்கே திட்டுத் திட்டாக ஆரஞ்சு. கொஞ்சம் ரசம் வாசனை. வீட்டுக்காரர் வந்து மோந்து பார்த்துவிட்டு, "அப்பளம் மட்டும்தான் குறை," என்றார்.

காலையில் கட்டினேன். உள்துணி இல்லாத, கை தொளதொளவென்று இருக்கும் பருத்தி ஜாக்கெட். மடிப்பு அதிகம் வைக்காத பருத்திப் பாவாடை, நாடா இறுக்காமல். கொசுவத்தைச் சின்னதாக மடித்து, கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி தூக்கிக் கட்டினேன். தோளில் மட்டும் ஓர் ஊக்கு. தலையை உயரத் தூக்கிக் கொண்டை போட்டு, கழுத்தில் காற்றுப் படும்படி பூவை மேலே சுற்றினேன். கண்ணாடியில் பார்த்தேன். ஆரஞ்சுத் திட்டுகளோடும் நன்றாகத்தான் இருந்தேன். சொன்னால் கர்வம் என்பார்கள், சொல்கிறேன்.

பிள்ளையார் கோயிலில் தலைவி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, புடவையில தேமல்?"

"மஞ்சள்ல நனைச்சதுக்கா. சவுக்காரம் பட்டுருச்சு."

"கடைசி வரிசை," என்றார், கையைப் பின்னால் நீட்டி.

கடைசி வரிசையில் புறப்பட்டேன். வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக வந்தார். ரோட்டில் தண்ணீர் தெளித்துப் போன லோரி முன்வரிசைக்குத்தான் பயன்பட்டது. எங்களுக்கு வந்தபோது ரோடு காய்ந்துவிட்டிருந்தது. கால் சுட்டது. அதற்கு எந்தத் துணியும் வழி சொல்லாது. ஆனால் உடம்புக்குள் அந்த அனல் ஏறவில்லை. வேர்த்தது, வேர்வையைத் துணி குடித்தது, கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்து அதை வாங்கிக்கொண்டு போனது. முழங்கால் தாராளமாக நீண்டது. எட்டி வைத்து நடந்தேன். நான் நடப்பது எனக்கே தெரிந்தது.

வரிசையைச் சரி பார்க்கிறேன் என்று முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்த தலைவி அக்கா, பாசார் முனையில் என் பக்கத்தில் வந்தார். முகம் சிவந்து, மை வழிந்திருந்தது. ஷேப்பரில் குட்டிக் குட்டி எட்டாக வைத்து என்னோடு நடந்தார்.

"உள்ள காத்து வருதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வருதுக்கா."

"எனக்கு வரல," என்று சொல்லிவிட்டு, முந்தியால் முகத்தை ஒற்றிக்கொண்டு மறுபடி முன்னால் போய்விட்டார்.

போன வருஷம் நான் கிடந்த காய்கறிக் கடையைத் தாண்டினேன். தாண்டியது எனக்குத் தெரியவேயில்லை. வீட்டுக்காரர்தான் "போயாச்சு, போயாச்சு," என்றார், அவருக்குத்தான் அதிக பயம். அம்மன் கோயில் படியில் ஏறி, என் கையாலேயே குடத்தை இறக்கிக் கொடுத்தேன். பால் அம்மன் மேல் வழிந்ததைப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. "எழுப்பிக் குடுத்த, வந்துட்டேன்," என்றேன். அழுகை வந்தது, அழுதேன். வியர்வையில் மஞ்சள் கரைந்து என் கணுக்கால் வரை ஓடியிருந்தது. என் கடன் தீர்ந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். மகள் கூட்டாளிக்கு அனுப்பினாள் இல்லையா, சிவந்த புடவையின் படம், அது எங்கெங்கோ போய்விட்டது. கோயிலில் மஞ்சளாகக் கட்டிய படத்தையும் யாரோ அதன் பக்கத்தில் ஒட்டினார்கள். கீழே கதை எழுதினார்கள். எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவிலேயே அது வந்தது. நான் "இது சவுக்காரம் பட்டது, புளித் தண்ணீரில் அலசினேன்" என்று தமிழில் தட்டிப் போட்டேன். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைப்படங்கள். ஒருத்தி எழுதினாள், "அருள் பெற்றவங்க எப்பவும் அடக்கமாத்தான் பேசுவாங்க."

அம்மன் அதிசயம் செய்வாள். செய்ய மாட்டாள் என்று நான் சொல்லவே மாட்டேன், என் வீட்டுக்காரர் தினமும் தேநீர் குடிப்பதே எனக்கு அதிசயம்தான். ஆனால் செய்யாததைச் செய்தாள் என்று அவள் தலையில் கட்டக் கூடாது. அதுவுமில்லாமல், அந்தக் கதையில் நான் நடந்ததே இல்லை. என் தலையும் காலும் கொடுத்த கடனை அந்தக் கதை தின்றுவிட்டது. புடவை மட்டும்தான் கோயிலுக்குப் போன மாதிரி இருக்கிறது.

ஒரு நாள் பாலிக் புலாவிலிருந்து ஒரு பெண் பஸ் மாறி மாறி வந்தாள். அவள் பிள்ளைக்கு நடை வரவில்லையாம். அந்தப் புடவையில் ஒரு கிழிசல் கொடுத்தால் காலில் கட்டுவேன் என்றாள். நான் அவளை உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். அலமாரியிலிருந்த புளி டப்பாவையே எடுத்துக் காட்டினேன். அவள் முகம் சுருங்கிப்போனது. "குடுக்க மனசில்லன்னா சொல்லிருங்கக்கா," என்றாள். அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. விளக்கேற்றி, அவள் பிள்ளைக்காக அவளோடு சேர்ந்து கும்பிட்டேன். சாப்பிட வைத்து அனுப்பினேன். துணியைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவள் பிள்ளையை வைத்தியரிடம் காட்டுவதை விட்டுவிடுவாளோ என்ற பயம் எனக்கு.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது இந்த வருஷம் வந்தது. தலைவி அக்கா மண்டபத்தில் புதுப் புடவையைப் பிரித்துக் காட்டினார். வெளிறிய மஞ்சள். அதில் அங்கங்கே ஆரஞ்சுத் திட்டு, அச்சடித்தது. என் புடவையின் கறையை அப்படியே படம் பார்த்து அச்சடித்திருக்கிறார்கள்.

"அம்மன் டிசைன்," என்றார். "உன்னைக் கௌரவிக்கத்தான் தங்கச்சி."

நான் தொட்டுப் பார்த்தேன். வழுக்கியது. "என்ன துணிக்கா இது?"

"நைலான் சாதிதான். பருத்தியில இந்த டிசைன் நிக்காதாம்."

"உள்ள?"

"ஷேப்பர்தான். போன தடவை எடுத்ததே இருக்குமே."

நான் நேராக வீட்டுக்கு வந்து, மகளின் பழைய பள்ளிக் கொப்பியில் மீதியிருந்த தாள்களில் இதை எழுத உட்கார்ந்தேன். காத்தாடி ஓடுகிறது, சுவர் கொதிக்கிறது, வீட்டுக்காரர் பனியனும் கைலியுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் முடியலையா?" என்கிறார்.

படித்தவர்கள் இதை நாலு பேருக்கு அனுப்ப வேண்டும் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நான் எழுதியபடியே அனுப்புங்கள். சவுக்காரத்தை எடுத்துவிடாதீர்கள், புளியை எடுத்துவிடாதீர்கள். குங்குமம், கனவு, அசரீரி எதையும் சேர்க்காதீர்கள். சாமி பாட்டுப் போட்ட வீடியோவாக மாற்றாதீர்கள். எதையாவது சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் என் புலம்பலைச் சுருக்குங்கள். ஓர் அம்மா, மெல்லிசுப் பருத்தி கட்டி, உள்ளே காற்றுப் பட, உச்சி வெயிலில் தன் காலாலேயே நடந்து போய்ச் சேர்ந்தாள் என்பதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.